பட்டத்துப் பசுவைத் துடைத்த பட்டு

முன்னொரு காலத்தில் செம்பாறை நாட்டைக் கொற்றவேல் என்றொரு அரசன் ஆண்டான். ஆண்டது அவன், உழைத்தது ஊர்.

முடிசூடிய அன்று அவன் தன் தோளில் கிடந்த பட்டுத்துணியை அரண்மனைக் கொட்டிலுக்குக் கொடுத்தான். அன்றுமுதல் அது வழக்கமாயிற்று. கறக்குமுன் அந்தப் பட்டால்தான் மடியைத் துடைக்க வேண்டும். முதலில் பட்டத்துப் பசு, பிறகு ராணியின் பசு, அப்படியே வரிசைப்படி கடைசிப் பசு வரை. துணியைத் துவைக்கக் கூடாது. துவைத்தால் அரசனின் அருள் தண்ணீரோடு போய்விடுமாம்.

சில காலமாகக் கொட்டிலில் கன்றுச் சத்தமே இல்லை. மடிகள் வீங்கிக் கல்லாயின. பால் திரிதிரியாக வந்தது. காளைக்கு விட்டும் சினை நிற்கவில்லை. நின்ற கருவும் கலைந்தது.

கொட்டில் அதிகாரி விசையரங்கருக்கு அமைச்சர் நன்னம்பியைக் கண்டால் ஆகாது. இதுதான் சமயமென்று சபையில் கைகட்டி நின்றார்.

"பிரபு, அமைச்சர் வேலைக்குச் சேர்த்த கறவைக்காரி ஒச்சாயி பிள்ளை இல்லாதவள். மலடி கை பட்டால் மாடு எப்படிச் சினை பிடிக்கும்?"

"அட, இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே! பொழுது சாய்வதற்குள் அவளை எல்லைக்கு வெளியே துரத்துங்கள்!" என்றான் அரசன்.

ஒச்சாயி அழவில்லை. "போறேன் சாமி. என் செவலையை மட்டும் குடுத்துடுங்க. தாய் செத்த கன்னு. கஞ்சி ஊத்தி வளர்த்தேன்."

"அந்த மலட்டு மாட்டையா? தீனிக்குத் தண்டமென்று நேற்றே காட்டுக்கு ஓட்டியாயிற்று" என்றார் விசையரங்கர்.

அப்போதுதான் ஒச்சாயி அழுதாள்.

அமைச்சர் எழுந்தார். கொட்டிலில் ஒரு காலைப்பொழுது நின்று பார்த்தவர் அவர்.

"பிரபு, தங்கள் பட்டில் அருள் இருக்கிறது. அருள் இருக்கும் இடத்தில் பொய் நிற்காது. அதிகாரி அந்தப் பட்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, குற்றம் ஒச்சாயியுடையதே என்று ஒருமுறை சொல்லட்டும்."

பட்டு வெள்ளித் தட்டில் வந்தது. நாற்றம் அதற்கு முன்பே வந்துவிட்டது.

"ஐயையோ, சீழ் ஒட்டிய துணியையா வாயில் வைப்பது? நோய் வந்துவிடாதா, அமைச்சரே?"

"உம் வாய்க்கு வரும் நோய் பசுவின் காம்புக்கு வராதா, அதிகாரியாரே? முதலில் மடிநோய் கண்டது பட்டத்துப் பசு. அதைத் துடைத்த துணியாலே மற்ற மடிகளையும் வரிசை தவறாமல் துடைக்கச் சொன்னீர். மடியில் நெருப்பைச் சுமக்கும் மாடு வயிற்றில் கருவை எப்படிச் சுமக்கும்?"

சபை சிரித்தது. அரசனும் சிரித்தான், பட்டு தன்னுடையது என்பது நினைவுக்கு வந்ததும் நிறுத்திக்கொண்டான்.

விசையரங்கர் சாணி அள்ளப் போனார். அமைச்சருக்கு மோதிரம் கிடைத்தது. ஒச்சாயிக்கு வேலை திரும்பக் கிடைத்தது, கூடவே ஒரு புதுப்பட்டு.

செவலையைத் தேடிப் போனவர்கள் அதன் கழுத்து மணியோடு மட்டும் திரும்பினார்கள்.

ஒச்சாயி அந்தப் புதுப்பட்டை உடுத்தவில்லை. கொட்டிலுக்கு எடுத்துப்போய் மாட்டுக்கு ஒரு துண்டாகக் கிழித்தாள். கொதிநீரில் அலசி, அந்தந்த மாடு கட்டும் முளையில் கட்டினாள். வெறுமையாக நின்ற செவலையின் முளையிலும் ஒன்று கட்டினாள்.

மறுவருஷம் கொட்டிலில் கன்றுகள் கத்தின. எல்லாம் அரசனின் அருள் என்று ஊரெங்கும் பறையறைந்தார்கள்.

செவலையின் துண்டு அழுக்காகவே இல்லை. மற்றவற்றோடு அதையும் ஒச்சாயி தினமும் துவைத்தாள்.