பழசு மாதிரியே ஒரு புதுக்கோயில்

ஜப்பான் தேசத்தில் மலையடிவாரத்தில் ஒரு ஊர். புத்தி அந்தப் பக்கம் வரப் பார்த்து, மேட்டைக் கண்டு மலைத்துத் திரும்பிவிட்டது போல. அங்கே ஷிண்டோ மதத்துக் கோயில் ஒன்று. கோபுரமா, ஒன்றும் கிடையாது. மரக்கால்கள் மேல் நிற்கும் மரவீடு, புல் வேய்ந்த கூரை, கூரையின் இரண்டு முனையிலும் மாட்டுக்கொம்பு மாதிரி கட்டைகள். இருபது வருஷத்துக்கு ஒருமுறை பக்கத்து மனையில் அதே மாதிரி புதுசு கட்டி, சாமியைக் குடியேற்றி, பழசைப் பிரித்துவிடுவார்கள்.

இந்தத் தடவை வேலை தச்சன் தோகுசோவுக்கு.

"ரெண்டும் ஒண்ணுபோல இருக்கணும். ஒரு நூல் மாறினாலும் சாமி உள்ளே வராது. அப்புறம் இந்த ஊர்ல உன்னை நம்பி யாரும் உளியைக் கொடுக்க மாட்டாங்க" என்றார் பூசாரி.

தோகுசோவுக்கு அன்றைக்கே சோறு இறங்கவில்லை.

அவன் தம்பிகள் உமேகிச்சியும் கென்பெய்யும் முகட்டு உத்திரத்தைக் குறுக்காகத் தூக்கி வந்தார்கள். கோயில் வாசல் என்பது இரண்டு தூண், மேலே சட்டம், அவ்வளவுதான். கதவில்லை, மதிலில்லை, இருபுறமும் வெட்டவெளி. உத்திரம் தூணில் முட்டி நின்றது.

"வாசல் பத்தலையே அண்ணே!" என்றான் உமேகிச்சி.

அப்போது ஒரு மாடு தூணுக்கு வெளிப்பக்கமாக நடந்து உள்ளே போனது.

"நாமும் அப்படிப் போனா என்ன?" என்றான் கென்பெய்.

"அது மாடுடா. அதுக்கு வாசல்னா என்னன்னு தெரியுமா?" என்று அதட்டிவிட்டு, தோகுசோ உத்திரத்தை இரண்டாக அறுத்தான். உள்ளே கொண்டுபோய் ஒட்டுப்போட்டு ஏற்றினார்கள். தோகுசோ அண்ணாந்து பார்த்துவிட்டு, பக்கத்துப் பழைய கோயிலை எட்டிப் பார்த்தான்.

"ஐயோ, பழசுல ஒட்டு இல்லையேடா!"

"பழசையும் அறுத்துட்டாப் போச்சு" என்றான் உமேகிச்சி.

அறுத்து, அதையும் ஒட்டுப்போட்டார்கள். அன்றைய மழையில் பழசு ஒழுக ஆரம்பித்தது. பூசாரி தலையில் அடித்துக்கொண்டு, சாமிப்பெட்டியைத் தன் வீட்டுக்கு எடுத்துப் போனார். புதுசு ஒழுகவில்லையே என்று தோகுசோவுக்குக் கவலை. அதே இடம் பார்த்து அதன் கூரையிலும் ஓட்டை போட்டான். பழசு கருப்பாக இருந்ததால் புதுசுக்கு அடுப்புக்கரி பூசினார்கள்.

குடியேற்றும் நாள் வந்தது. பூசாரி வாசலில் நின்று கை நீட்டினார். "இடது கைப்பக்கம் இருக்கறது பழசு. அதைப் பிரிச்சிடு. நான் போய்ச் சாமியைக் கூட்டிட்டு வரேன்."

ஏணி கோயிலுக்குப் பின்னால் கிடந்தது. மூவரும் பின்னால் போய், கோயிலைப் பார்த்து நின்று, அவரவர் இடது கையைத் தூக்கிச் சரிபார்த்துக்கொண்டு, வேலையில் இறங்கினார்கள்.

சாமிப்பெட்டியோடு வந்த பூசாரி அலறினார். "அடப்பாவி! புதுசைப் பிரிச்சுட்டியேடா!"

தோகுசோ வெலவெலத்துப் போனான். உளி போச்சு, பிழைப்பு போச்சு. நிற்கிற கோயிலைச் சுற்றி வந்தான். ஒட்டைப் பார்த்தான், கொம்பைப் பார்த்தான், ராத்திரி மழை தரையில் சொட்டியிருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"ஏன் ஐயா பதறுறீங்க? தைரியமாச் சாமியை உள்ளே விடுங்க. இது அச்சு அசல் புதுசு மாதிரியே இருக்கு. ஒழுகறதுகூட அதே இடத்துலதான்!"