நூறு போட்டதில் நாலு

ஊர் ஊராகக் கிளை திறந்த ஒரு விதைக் கம்பெனியில், இருப்பைப் பதிய சாப்ட்வேர் செய்ய வந்தார் கோட்டு போட்ட வித்யாதரன். ஒரு வருஷம் ஏசி அறையில் படம் காட்டிவிட்டு, "நூறு சதவீதம் முடிந்தது" என்று அறிவித்தார்.

முதலாளி, விதை முளைக்கிறதா என்று சோதிக்கும் அன்னக்கொடியைக் கூப்பிட்டு, "நீ பார்த்து, சரியா இருந்தா கையெழுத்துப் போடும்மா" என்றார்.

"இன்னிக்கே போடணும், இல்லேன்னா உன் வேலை போயிடும்" என்று உறுமினார் வித்யாதரன்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே சோதனைதானுங்க சார்" என்றவள், கிளைகளில் இருக்கும் நூறு கடைக்காரர்களுக்குப் போன் போட்டு, அந்த சாப்ட்வேரில் ஆளுக்கு ஒரு மூட்டை பதியச் சொன்னாள்.

சாயங்காலம் முதலாளி கேட்டார். "என்னம்மா ஆச்சு?"

"நூறு போட்டதுல நாலு முளைச்சிருக்குதுங்க."

"கடைக்காரங்களுக்கு அறிவு பத்தாது!" என்று கத்தினார் வித்யாதரன்.

"மண்ணு சரியில்லேன்னு நாங்களும் சொல்லலாமுங்க சார். ஆனா நாலு முளைச்ச மூட்டையை இங்கே கோழித் தீவனத்துக்குத்தான் அனுப்புவோம்."