சிலோன்மணி டீச்சர் போட்ட சட்டம்

"டீச்சர், நீங்க எங்கிட்ட எதையோ மறைக்கிய."

சிலோன்மணி டீச்சர் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திரும்பவில்லை.

"என்னத்த மறைச்சேன்?"

"தொழில் ரகசியத்த."

தவசி பக்கத்து ஊர்க் காலனிக்காரன். தன் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு பள்ளிக்கூடம் தொடங்கியே தீருவது என்ற வெறியில், பாடம் நடத்தப் பழக டீச்சரிடம் வந்து ஒட்டிக்கொண்டவன். இங்கே படித்த ஒருத்தி மல்லுக்கட்டி ஊருக்குள் பஸ்ஸை வரவைத்தாள். இன்னொருத்தி பஞ்சாயத்துக் கூட்டத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். தன் ஊருக்கும் அப்படி நாலு பேர் வேண்டும் என்று வந்தான்.

வந்து பார்த்தால் வாய்ப்பாடும் டிக்டேஷனும்தான் நடக்கின்றன. மனசு அரிக்காமல் என்ன செய்யும்?

"பாத்துக்கிட்டே இரு" என்றார் டீச்சர்.

மறுநாள் அவர் ஒரு சட்டம் போட்டார். இனி எல்லாரும் கேட்டிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும்.

கேட்டிலிருந்து வகுப்பு வரை சரளைக்கல். வெயிலில் கால் பொத்துப்போகும். பிள்ளைகள் துள்ளித் துள்ளி ஓடினார்கள். டீச்சர் மட்டும் செருப்புக் காலோடு நிதானமாக நடந்து வந்தார்.

தவசியும் கழற்றினான். கழற்றும்போதே அவனுக்கு மேலத்தெரு ஞாபகம் வந்தது.

டீச்சர் ஊரில் பஸ் ஸ்டாப்புக்கு மேலத்தெரு வழியாகத்தான் எல்லாரும் போவார்கள். தெருமுனை வந்ததும் காலனிக்காரர்கள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார்கள். எந்தக் காகிதத்திலும் இல்லாத சட்டம். மீறிய ஆளும் இல்லை. பள்ளிக்கூடத்துக்குள்ளுமா அது?

இத்தனைக்கும் டீச்சரும் காலனியில் பிறந்தவர்தான். விலைபோய்விட்டாரோ?

ஒருநாள் மேலத்தெருப் பெரியவர் ஒருவர் கேட்டருகே பைக்கை நிறுத்தினார். செருப்பு வரிசையைப் பார்த்தார். திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். தவசிக்குச் சந்தேகம் முற்றிவிட்டது. அன்றிலிருந்து டீச்சர் யாரிடம் பேசுகிறார், எங்கே போகிறார் என்று உளவு பார்க்கவே ஆரம்பித்துவிட்டான். ஒன்றும் சிக்கவில்லை.

அந்த வாரக் கடைசியில், எட்டாவது படிக்கும் பேச்சித்தாய் செருப்போடு வகுப்புக்குள் வந்தாள்.

"டீச்சர், நீங்க மட்டும் செருப்பு போட்டிருக்கிய?"

"நான் டீச்சர்."

"எங்க காலும் சுடத்தானே செய்யும்?"

"கழத்துட்டி."

"காரணத்தச் சொல்லுங்க. கழத்துதேன்."

டீச்சர் கையிலிருந்த சாக்பீஸைக் கீழே வைத்தார்.

"காரணம் ஒண்ணும் இல்ல. சட்டம் தப்பு. எல்லாரும் போட்டுக்கிடுங்க."

பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு கேட்டுக்கு ஓடினார்கள். தவசிக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஒத்தக் கேள்விக்கு எடுக்கிற சட்டத்த எதுக்குப் போட்டிய? பிள்ளைகளப் பாடாப் படுத்திட்டியளே!"

"நீ ஏன் கேக்கல?"

"நீங்க... பெரியவங்க."

டீச்சர் கைப்பையை எடுத்துக்கொண்டார். "நேரமாச்சு. பிள்ளைகளோட பஸ் ஸ்டாப் வரைக்கும் போவோம்."

அவனுக்கு ஆச்சரியம். டீச்சர் எப்போதும் மேலத்தெருவை விட்டுவிட்டு, குளத்தங்கரையைச் சுற்றிக்கொண்டு தனியாகப் போகிறவர்.

தெருமுனையில் பிள்ளைகள் வழக்கம்போல நின்றார்கள். பேச்சித்தாய் குனிந்தாள். செருப்பு வார் வரைக்கும் கை போய்விட்டது.

பிறகு நிமிர்ந்தாள். செருப்போடு நடந்தாள்.

டீச்சர் விரைந்து போய் அவள் பக்கத்தில் சேர்ந்துகொண்டார். அவருக்கும் பயம்தான். இந்தத் தெருவில் அவரும் செருப்போடு நடந்ததில்லை. பின்னாலேயே மற்றப் பிள்ளைகளும் ஒவ்வொருத்தியாக நகர்ந்தார்கள்.

பைக்கில் வந்தாரே, அதே பெரியவர் வீட்டுப் படியிலிருந்து எழுந்தார்.

"ஏட்டி, என்ன திமிரா? கழத்துட்டி செருப்ப!"

"எதுக்கு?" என்றாள் பேச்சித்தாய். நிற்காமல் நடந்தாள்.

பெரியவர் வாயைத் திறந்தார். சொல்வதற்கு ஒன்றும் அகப்படவில்லை. கூட்டம் அவரைத் தாண்டிப் போய்விட்டது.

பின்னால் வந்துகொண்டிருந்த தவசிக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஓடிப்போய் டீச்சர் முன்னால் நின்றான்.

"ரகசியத்தக் கண்டுபிடிச்சிட்டேன் டீச்சர்!"

டீச்சர் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கையைப் பார்த்தார்.

அவனும் குனிந்து பார்த்தான். செருப்பு இரண்டும் கையில் இருந்தன.