திருச்சியிலும் கரூரிலும் இருந்த ஒரே வாடிக்கையாளர்

காவிரிக்குக் கரை இரண்டு. அறிவுக்குக் கரை எத்தனை என்பதை உறையூர்த் தெளிநீர் நிறுவனத்தார் கண்டதில்லை. அந்தப் பக்கம் அவர்கள் போனதுமில்லை.

வீடுகளுக்குத் தண்ணீர் வடிகட்டும் பெட்டி விற்பது அந்த நிறுவனத்தின் தொழில். மேலாளர் பெயர் பொன்னுரங்கம். அவருடைய புத்தியைப் பற்றி ஊரில் பல கருத்து உண்டு. அவருடைய நாற்காலியைப் பற்றி ஒரே கருத்துதான். சுழலும் நாற்காலி, மெத்தை வைத்தது, சாய்ந்தால் தானும் சாய்வது. அதில் ஒரு சுற்றுச் சுற்றி நின்றால்தான் பொன்னுரங்கத்துக்கு யோசனை தோன்றும். எழுந்தவுடன் அது மறந்துபோகும் என்பது வேறு சங்கதி.

ஒருநாள் முதலாளி ஏகாம்பரம் வந்து நின்றார்.

"புது மாடலுக்கு வெளியீட்டு விழா வைக்கிறேன். திருச்சியிலயும் கரூர்லயும் இருக்கிற வாடிக்கையாளரை மட்டும் கம்ப்யூட்டர்ல பிரிச்சு எடுத்து அழைப்பு அனுப்பிடு. மண்டபம் நிறையணும். நிறையலேன்னா, நீ குளித்தலை குடோனுக்குப் போய்ப் பெட்டி எண்ண வேண்டியதுதான். இந்த நாற்காலியில வேற ஆளு உட்காருவான்."

பொன்னுரங்கம் நாற்காலியின் இரு கைகளையும் பற்றிக்கொண்டார். பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட மனமில்லாத தகப்பன் அப்படித்தான் பற்றுவான்.

வாடிக்கையாளர் விவரமெல்லாம் ஒரு மென்பொருளில் இருந்தன. அதை நிறுவிக் கொடுத்த நவநீதன் என்ற பொறியாளர் கோயம்புத்தூரில் இருந்தார். தொலைபேசியில் அவரைப் பிடித்தார்கள்.

"ஏ.பி.ஐ. வழியாக் கேளுங்க சார். அது வாசல்ல நிக்கிற ஆளாட்டங்க. சீட்டுல எழுதிக் குடுத்தா, உள்ள போயி வேணுங்கறத மட்டும் எடுத்துட்டு வந்து குடுக்கும். ஆனா ஃபில்டர் போட்டுக் கேளுங்க. இல்லீன்னா மொத்தத்தையும் கொட்டீரும். சாவி ஒண்ணு அனுப்பியிருக்கறனுங்க, அதை யாருக்கும் காட்டீராதீங்க."

தொலைபேசியை வைத்ததும் சபை கூடிற்று. பொன்னுரங்கத்தோடு தட்டச்சு மாசிலாமணி, வரவேற்பு ரெஜினா, வீடு வீடாகப் போய்ப் பெட்டி மாட்டும் வைரக்கண்ணு ஆகிய மூவர்.

"யாரு சார் அந்த ஏ.பி. ஐயா?" என்று ரெஜினா கேட்டாள்.

"பெரிய மனுஷனாத்தான் இருக்கணும். இல்லேன்னா ஐயான்னு சொல்லுவாங்களா? வாசல்ல நிக்கிறாராம். பாவம், எத்தனை நாளா நிக்கிறாரோ," என்றார் பொன்னுரங்கம்.

நால்வரும் வாசலுக்கு ஓடினர். அங்கே உண்மையாகவே ஒருவர் நின்றுகொண்டிருந்தார். அவருக்கு வணக்கம் சொல்லி, காப்பி கொடுத்து, வேண்டியதை எழுதிய சீட்டையும் பவ்யமாகக் கையில் வைத்தார்கள். அவர் காப்பியைக் குடித்தார்; சீட்டைப் படித்தார்; பேருந்து வந்ததும் ஏறிப் போய்விட்டார்.

"உள்ள போயி எடுத்துட்டு வருவாருன்னுதானே சொன்னாரு? பஸ்ஸுக்குள்ள போறாரே," என்றான் வைரக்கண்ணு.

"விவரமெல்லாம் பஸ்ஸுலதான் இருக்கோ என்னவோ," என்றார் பொன்னுரங்கம்.

மறுநாளும் அவர் திரும்பாததால் மீண்டும் கோயம்புத்தூருக்குப் பேசினார்கள். அது ஆளில்லை, கம்ப்யூட்டரிலேயே எழுதிக் கேட்பது என்று நவநீதன் விளக்கினார். ஒரு காப்பிதான் வீணாயிற்று.

ஃபில்டர் போடுவதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. சொந்தத் தொழில் அல்லவா? வைரக்கண்ணு நல்ல பெட்டியாகப் பார்த்துக் கம்ப்யூட்டருக்கு மேலே சுவரில் மாட்டினான். ஒருவேளை கொட்டிவிட்டால் இருக்கட்டும் என்று ரெஜினா கீழே ஒரு பிளாஸ்டிக் வாளியும் வைத்தாள்.

அடுத்து எழுந்தது, எழுத்தும் எண்ணுமாக வந்திருந்த சாவியின் பிரச்சினை. திரையில் அதைத் தட்டச்சு செய்யச் சொல்லியிருந்தது.

"யாருக்கும் காட்டக் கூடாதுன்னாரே. கம்ப்யூட்டருக்குக் காட்டலாமா?" என்று மாசிலாமணி கேட்டான்.

பொன்னுரங்கம் ஒரு சுற்றுச் சுற்றி நின்றார். "கூடாது. அதுவும் யாரோதானே."

ஆகவே திரையின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி, மாசிலாமணி தன் கண்ணையும் மூடிக்கொண்டு, ரெஜினா காதோடு காதாகச் சொல்லச் சொல்லச் சாவியை அடித்தான். குருட்டு அதிர்ஷ்டம் என்பது பொய்யன்று. சாவி ஏறிவிட்டது.

இப்போது நிபந்தனையை எழுத வேண்டும். ஊர் திருச்சி என்று ஒன்று. ஊர் கரூர் என்று ஒன்று. இரண்டுக்கும் நடுவே 'மற்றும்' போடுவதா, 'அல்லது' போடுவதா என்று திரை கேட்டது. இதைக் காட்டிலும் கடினமான கேள்வியை அந்த அலுவலகம் சந்தித்ததில்லை.

"'அல்லது' போடுங்க அண்ணே," என்றான் வைரக்கண்ணு. ஆண்டுக்கு ஒருமுறை அவன் வாயில் சரியான சொல் வந்துவிடும்.

பொன்னுரங்கம் சிரித்தார். "கல்யாணப் பந்தியில உட்கார்ந்திருக்கே. சாம்பார் அல்லது ரசம்னா என்ன ஊத்துவான்?"

"ஏதாச்சும் ஒண்ணு."

"சாம்பாரும் ரசமும்னா?"

"ரெண்டும்."

"முதலாளி என்ன சொன்னாரு? திருச்சியிலயும் கரூர்லயும்னாரு. உனக்கு ரசம் வேண்டாம்னா முதலாளிக்கும் வேண்டாமா?"

வைரக்கண்ணு வெட்கித் தலைகுனிந்தான். 'மற்றும்' என்று போட்டார்கள். கம்ப்யூட்டர் ஒரு கணம் யோசித்தது. ஆயிரக்கணக்கான வாடிக்கையாளர்களில் எவன் ஒருவன் திருச்சியிலும் இருந்து அதே சமயம் கரூரிலும் இருக்கிறானோ, அவனை மட்டும் தேடி எடுத்துத் திரையில் நிறுத்திற்று.

ஒரே ஒரு பெயர். ஏகாம்பரம். வீடு, தில்லை நகர், திருச்சி. வீடு, காந்திகிராமம், கரூர். வீட்டுக்கொரு தண்ணீர்ப் பெட்டி.

மாசிலாமணி கேட்டான்: "ஒரே ஆளு எப்படி சார் ரெண்டு ஊர்லயும் இருக்க முடியும்?"

"சித்தருங்க இருப்பாங்க," என்றாள் ரெஜினா.

"நம்ம முதலாளி சித்தரா?"

"வியாழக்கிழமையானா வசூலுக்குப் போறேன்னு காணாமப் போயிடறாரே. திங்கக்கிழமை தோன்றாரு. முகத்துல ஒரு தேஜஸ் வேற."

"முதலாளியம்மாவுக்குத் தெரியுமா?"

"சித்தருங்க இதையெல்லாம் வீட்டுல சொல்ல மாட்டாங்க."

வைரக்கண்ணு தொண்டையைக் கனைத்தான். "ரெண்டு பெட்டியையும் நான்தான் மாட்டினேன் அண்ணே. கரூர் வீட்டுலயும் ஒரு அம்மா 'ஏங்க, சாப்பிட வாங்க'ன்னு இவரைத்தான் கூப்பிட்டாங்க. யாருகிட்டயும் சொல்லாதேன்னாரு. நான் சொல்லலையே, மிஷின்தானே சொல்லுச்சு?"

"மிஷின்தான் சொல்லுச்சு," என்று மூவரும் சாட்சி சொன்னார்கள்.

அச்சடித்த அழைப்பிதழோ கட்டுக் கட்டாக இருந்தது. வாடிக்கையாளரோ ஒருவர். பொன்னுரங்கம் இரண்டு சுற்றுச் சுற்றினார். பாதிக் கட்டைத் தில்லை நகருக்கும் பாதிக் கட்டைக் கரூருக்கும் அனுப்பினார். மேலே, 'துணைவியாருடனும் சுற்றத்தாருடனும் தவறாது வருக' என்று தம் கைப்படவே எழுதினார்.

தில்லை நகரில் கட்டைப் பிரித்த கோமதியம்மாள், கணவருக்கு இத்தனை காலம் கழித்தாவது தன் பிறந்த வீட்டார்மேல் மதிப்பு வந்ததே என்று மகிழ்ந்து, எல்லா உறவுக்கும் அழைப்புக் கொடுத்தாள். கரூர் வீட்டு அம்மாள் சொர்ணமும் அவ்வாறே எண்ணி அவ்வாறே செய்தாள்.

விழா நாளில் மண்டபம் நிரம்பி வழிந்தது. இடப்பக்கம் முழுதும் திருச்சி. வலப்பக்கம் முழுதும் கரூர். பொன்னுரங்கம் கண்ணீர் மல்க நின்றார். நாற்காலி பிழைத்தது.

ஏகாம்பரம் பட்டு வேட்டியோடு மேடை ஏறினார். இடப்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "வாங்க மாப்பிள்ளை," என்றார். அந்தப் பக்கம் கும்பிட்டார். வலப்பக்கத்திலிருந்து இன்னொரு பெரியவர், "மாப்பிள்ளை, இளைச்சுட்டீங்களே," என்றார். அந்தப் பக்கம் அவர் கும்பிடவில்லை.

பொன்னுரங்கம் ஒலிபெருக்கியைப் பிடித்தார். "திருச்சியிலும் கரூரிலும் ஒரே சமயத்தில் இருக்கின்ற ஒரே வாடிக்கையாளர் நம் முதலாளி. இந்தச் சித்திக்கு உறுதுணையாக இரு ஊர்களிலும் சமைத்துப் போடுகின்ற இரண்டு முதலாளியம்மாக்களையும் மேடைக்கு அழைக்கிறேன்."

இடப்பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். வலப்பக்கத்தில் ஒருத்தி எழுந்தாள். ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் சேர்ந்து மேடையைப் பார்த்தார்கள். மேடையில் பட்டு வேட்டியின் நுனி மட்டும் சமையற்கட்டுப் பக்கம் மறைந்துகொண்டிருந்தது.

ஓடும்போது ஏகாம்பரம், "வடிகட்டின முட்டாளே," என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னது பொன்னுரங்கம் காதில் விழுந்தது. அவருக்கு உச்சி குளிர்ந்தது. "நம்மள வெறும் முட்டாள்னு சொல்லலை. வேலையைக் கவனிச்சிருக்காரு," என்று சகாக்களிடம் சொல்லிக்கொண்டார்.

நிறுவனம் கோமதியம்மாளின் தகப்பனார் வைத்தது. ஆகவே மறுநாள் காலையில் அவளே அலுவலகத்துக்கு வந்தாள்.

"அந்த மனுஷன் திருச்சியிலயும் இல்லை, கரூர்லயும் இல்லை. அங்கேயும் கதவைச் சாத்திட்டாளாம், நல்ல பொம்பளை. உங்க மிஷின்ல தேடிப் பிடிங்க. பிடிச்சா நாற்காலி உனக்கு. இல்லேன்னா குடோன்."

இந்த முறை பொன்னுரங்கத்துக்குக் குழப்பமே இல்லை. ஊர் திருச்சி இல்லை, மற்றும் ஊர் கரூர் இல்லை. கம்ப்யூட்டர் ஆயிரக்கணக்கில் பெயர்களைக் கொட்டிற்று. வாளி நிறையாதது ஒன்றுதான் குறை. ரெஜினா ஒவ்வொருவராக அழைத்தாள்.

"வணக்கம், தெளிநீர்லேருந்து பேசறோம். எங்க முதலாளி உங்க வீட்டுல இருக்காருங்களா?"

"இல்லைங்களே," என்றார் பெரம்பலூர் வாடிக்கையாளர். "இருந்தா அனுப்பி வையுங்க. குழாய் ஒழுகுது."

புதுக்கோட்டையில் ஓர் அம்மாள் கட்டிலுக்கு அடியில் பார்த்துவிட்டு வந்து இல்லை என்றாள். பட்டியல் முடிந்தது. முதலாளி கிடைக்கவில்லை. நாற்காலிக்கு உறை போட்டு மூடிவிட்டு, பொன்னுரங்கம் குளித்தலைக்கு வண்டி ஏறினார்.

குளித்தலை, திருச்சிக்கும் கரூருக்கும் இடையில் இருப்பது. குடோன் கதவைத் திறந்து பெட்டிகளை எண்ணிக்கொண்டே போனார். கடைசி அடுக்குக்குப் பின்னால், ஒரு பெட்டியின்மேல், அழுக்கேறிய பட்டு வேட்டியோடு ஏகாம்பரம் உட்கார்ந்து பன் தின்றுகொண்டிருந்தார்.

"வணக்கம் முதலாளி. கொஞ்சம் எழுந்திரிங்க, அடியில ஒரு பெட்டி இருக்கு."

ஏகாம்பரம் எழுந்தார். எண்ணியானதும் மறுபடி உட்கார்ந்தார். பிறகு பொன்னுரங்கத்தின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு கேட்டாலும் நான் இங்க இல்லை. புரியுதா?" என்றார்.

"நீங்களே சொல்றப்ப நான் எப்படி மறுக்க முடியும்?"

அப்போது தொலைபேசி மணி அடித்தது. கோமதியம்மாள்.

"என்னய்யா, எண்ணியாச்சா?"

"ஆச்சும்மா. எல்லாம் சரியா இருக்கு."

"அவரு அங்க வந்தாரா? உண்மையைச் சொல்லு. சொன்னா நாளைக்கே நாற்காலியில வந்து உட்காரு."

பொன்னுரங்கத்தின் கண்முன் அந்த நாற்காலி ஒருமுறை மெல்லச் சுழன்றது. ஆனாலும் ஆசைக்காகப் பொய் சொல்லும் பரம்பரை அன்று அது.

"இல்லைங்கம்மா. முதலாளி இங்க இல்லை."

"நிச்சயமா?"

"நிச்சயம்மா. சந்தேகமிருந்தா அவருகிட்டயே கேளுங்க, பக்கத்துலதான் உட்கார்ந்திருக்காரு. இருங்க, கொடுக்கிறேன்."