குழலோ, பெட்டியோ?

"குழலோ, பெட்டியோ? ஒரு சொல்லிலை சொல்லுங்கோ, ரீச்சர்."

குணநாயகம் கேட்டார். மலையேறத் தொடங்கிப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. கேட்டது ஐந்தாவது தடவை.

குழல் என்றால் முக்காலியில் நிறுத்தி, எதிர்மலையில் மேய்கிற மானின் கொம்பை எண்ணுகிற தொலைநோக்கி. பெட்டி என்றால் உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். பொத்தானை அமத்தினால் லேசர் போய்த் தொட்டு, மான் நிற்கிற தூரத்தை மீற்றரில் சொல்லும்.

அவரிடம் ஒன்றுக்குத்தான் காசு. அதுவும் மலிந்த ஒன்றுக்கு.

தமயந்தி நின்றாள். கையை நீட்டினாள்.

"ரவையைத் தாங்கோ."

"என்ன?"

"துவக்குக்குள்ளை இருக்கிறது, பொக்கற்றுக்குள்ளை இருக்கிறது. எல்லாம்."

"மான் வந்தா?"

"திருப்பித் தருவன்."

துப்பாக்கிக் குண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். முகம் கறுத்துப்போனது.

அவருக்கு வயது அறுபத்தொன்று. அவளுக்கு முப்பத்திநாலு. நோர்வேயில் பிறந்தவள், வேட்டைப் பரீட்சைக்கு வகுப்பெடுக்கிறவள். அவர் மீன் தொழிற்சாலையில் இருபத்தேழு வருடம் மீன் வெட்டியவர். இரண்டு தரம் பரீட்சையில் கோட்டைவிட்டு, மூன்றாம் தரம் அவளிடம் படித்துத்தான் தேறினார். அன்றிலிருந்து அவள் அவருக்கு ரீச்சர்.

தேறி என்ன? மூன்று வருடம் இந்த மலைக்கு வந்து மூன்று வருடமும் வெறுங்கையோடு இறங்கினார். "அங்கிள், மான் சுகமோ?" என்று தொழிற்சாலைப் பெடியள் கேட்காத திங்கட்கிழமை கிடையாது.

இந்த முறையும் ஒரு துருவமானுக்கு அனுமதி கிடைத்திருந்தது. வேட்டைக்காலம் முடிய இன்னும் மூன்றே நாள். அடுத்த வருடம் என்ற பேச்சே இல்லை. இந்த முழங்காலோடு இனி மலை வேண்டாம் என்று வைத்தியர் சொல்லிவிட்டார்.

நாளை காலை கடை திறக்கும். குழலோ பெட்டியோ, பிழையாக வாங்கினால் மான் இல்லை. அவ்வளவுதான் கணக்கு.

மேட்டுக்கு வந்தார்கள். மரமில்லாத வெளி. பாசி, கல், காற்று.

"அந்த வெள்ளைக் கல்லு எவ்வளவு தூரம்?" என்றாள் தமயந்தி.

குணநாயகம் கண்ணைச் சுருக்கினார். "நானூறு மீற்றர். ஒரு மீற்றர் குறையாது."

"நடந்து எண்ணுங்கோ."

"முழங்கால், பிள்ளை..."

அவள் காலணி நாடாவைக் கட்டத் தொடங்கினாள்.

போனார். வந்தார். வந்தபோது மூச்சு வாங்கியது. ஆனால் முகம் பெருநாள் முகம்.

"இருநூற்றிப் பத்து! பாத்தீங்களோ? அரைவாசி பிழை! இதுதான் மூண்டு வருசமா என்ரை வெடி மானுக்கு மேலாலை போனது. பெட்டிதான்! பெட்டியேதான்! விளங்கிட்டுது!"

"நீங்கள் எத்தினை மீற்றரிலை சுட்டுப் பழகினீங்கள்?"

"நூறு. பரீட்சையிலை நூறுதானே."

"நூறுக்கு மேலை?"

"பழகேல்லை."

"பெட்டி எவ்வளவு தூரம் சொல்லும்?"

"ஆயிரத்தி இருநூறு!" பெருமையாகச் சொன்னார். சொல்லி முடிந்த பிறகுதான் தன் நூறு மீற்றர் நினைவுக்கு வந்தது.

தமயந்தி பையைத் திறந்தாள். பாணும் சம்பலும். பாதியை அவரிடம் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் தின்றார்கள். குணநாயகம் பாணைக் கையிலேயே வைத்திருந்தார்.

"அப்ப குழலோ?"

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

"இல்லை, கேக்கிறன். குழல் என்னத்துக்கு? துவக்குக்கு மேலையே கண்ணாடி கிடக்குது. ஒன்பது மடங்கு. குறிபாக்கிற அதாலையே தேடியும் பாக்கலாம். ஒண்டு இருக்க இன்னொண்டுக்கு ஏன் காசைக் கொட்டுவான்? நான் இவ்வளவு நாளும் அப்பிடித்தானே பாக்கிறன்!"

"ம்" என்றாள் தமயந்தி.

"என்ன ம்?"

"சம்பல் உறைப்பு."

குணநாயகத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உலகத்தில் வேறு ரீச்சர்மார் புத்தகத்தைத் திறந்து பதில் சொல்லுவார்கள். இவள் சம்பலுக்குப் புள்ளி போடுகிறாள்.

அப்போது பார்த்தார்.

எதிர்ச்சரிவு. இரண்டு பாறைக்கு நடுவில் மண்ணிறமாக ஒன்று. அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. மேலே கொப்பும் கிளையுமாக...

"கொம்பு!"

பாண் பாசியில் விழுந்தது.

"கொம்பு, பிள்ளை! கொம்பு! படுத்துக் கிடக்குது! கடவுளே, மூண்டு வருசம்! ரவையைத் தாங்கோ!"

தமயந்தி ரவையைத் தரவில்லை. கழுத்திலிருந்த பழைய பைனாக்குலரைக் கழற்றி நீட்டினாள். ஒரு பக்கத்துத் தோல் உரிந்து நூல் சுற்றியிருந்தது.

"முதல்லை இதாலை பாருங்கோ."

"நேரமில்லை!"

துவக்கைத் தூக்கினார். கட்டையைத் தோளில் அமர்த்தினார். கண்ணைக் கண்ணாடியில் வைத்தார். மலை துள்ளியது. பாறை துள்ளியது. மூச்சைப் பிடித்தார். துள்ளல் அடங்கியது.

சிலுவைக்கோட்டுக்கு நடுவில் ஒரு புதர்க்கிளை. கொம்பு இல்லை, கிளை.

அதற்குக் கீழே மண்ணிறத் தொப்பி.

தொப்பிக்குக் கீழே கறுப்பாக ஒரு வட்டம். கண்ணாடி வட்டம்.

அந்த வட்டத்துக்குக் கீழே இன்னொரு வட்டம். சின்னது. அதுவும் கறுப்பு. அது நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

குணநாயகம் ஒரு மூச்சு நேரம் அப்படியே நின்றார். பிறகு அவருடைய முழங்கால், வைத்தியர் கைவிட்ட அதே முழங்கால், அவரைக் கேட்காமலே மடிந்தது. தமயந்தியின் கை பின்கழுத்துச் சட்டையைப் பிடித்து மிச்சத்தையும் இழுத்தது. முகம் பாசிக்குள் புதைந்தது.

"என்ன கண்டனீங்கள்?"

"ஆள்!"

"என்ன செய்யிறார்?"

"என்னைப் பாக்கிறான்!"

"எதாலை?"

"துவக்காலை, பிள்ளை! துவக்காலை!"

தமயந்தி தன் செம்மஞ்சள் தொப்பியைக் கழற்றிக் கல்லுக்கு மேலே பிடித்து ஆட்டினாள். ஒரு தரம். இரண்டு தரம். மெதுவாக.

வெடி கேட்கவில்லை. காற்றுத்தான்.

குணநாயகத்துக்கு உயிர் திரும்பி வந்தது. உயிரோடு கோபமும் வந்தது. கல்லுக்குப் பின்னால் மண்டியிட்டு, இரண்டு கையையும் வாயருகே குவித்து, இருபத்தேழு வருடம் இயந்திரச் சத்தத்துக்கு மேலால் கத்திப் பழகிய குரலில், முதலில் தமிழிலும் பிறகு நோர்வே மொழியிலும் கத்தினார்.

"டேய் விசரா! ஆர் எண்டு தெரியாமல் துவக்கை நீட்டுவியோ! கண்ணாடி ஒண்டு வாங்கக் காசில்லாட்டி வீட்டிலை கிடவன்ரா! ஆளைச் சுட்டுப்போட்டு மான் எண்டு நினைச்சன் எண்டு சொல்லுவியோ!"

மலை அதைத் திருப்பிச் சொல்லி ஓய்ந்தது.

உடனே அந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு குரல் எழும்பியது. அந்த ஆளும் பாறைக்குப் பின்னால் விழுந்துகிடந்துதான் கத்தினான். தொண்டை கிழியக் கத்தினான். காற்றில் சொற்கள் கிழிந்து கிழிந்து வந்தன. குணநாயகத்தின் காதுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

"என்னவாம்? என்ன சொல்லுறான் உவன்?"

தமயந்தி காதோரம் கையைக் குவித்தாள். அவன் கத்தி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள்.

"நீங்கள் சொன்னதைத்தான், அங்கிள்."