தேரியில் ஒரு கோடு

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். தேரிக்காட்டில் அம்மி மட்டுமா, மணல்மேடே எழுந்து நடக்கும். நேற்று செம்மண் குன்று நின்ற இடம் இன்று பள்ளமாகக் கிடக்கும்.

அந்தக் காட்டின் நடுவில் குரு மாணிக்கத்தாயின் மடம் இருந்தது. சீடர் சுயம்புலிங்கம் குருவைவிட மிகவும் மூத்தவர். மனைவி பூங்கனியைத் தேரியோரம் புதைத்து, தலைமாட்டில் ஒரு கல் நட்டிருந்தார். மறு ஆடியில் மணல் அந்தக் கல்லை விழுங்கிவிட்டது. கண்ட இடமெல்லாம் தோண்டிப் பார்த்து ஓய்ந்தபின் மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

காற்று மாதங்களில் அவருக்கு ஒரே வேலை. விடிந்ததும் பனை ஓலையில் கல்லைக் கட்டி, ஊர் எல்லையிலிருந்து மடத்துக் கிணறுவரை இழுத்து வருவார். மணலில் கோடு விழும். தண்ணீருக்கு வரும் பெண்கள் அதைப் பிடித்தே வந்து போவார்கள். மதியத்துக்குள் காற்று அதை அழித்துவிடும்.

ஒருநாள் அவர் வெறுங்கையோடு குருவின் முன் வந்து உட்கார்ந்தார்.

“தாயே, பாதை, கிணறு, ஊரு எல்லாம் மேல போர்த்தின துணிதானா? அடியில மணல்தான் ஒரு நியாயமும் இல்லாம ஓடிக்கிட்டு இருக்கு. நாம பாக்கிறது பூராவும் பொய்யா?”

“அப்படித்தான் தெரியுது, அண்ணாச்சி.”

குரு மறுப்பார் என்று நினைத்திருந்தவருக்கு ஆத்திரம் வந்தது.

“பொறவு எதுக்குக் கோடு? இன்னைக்கு நான் போடல.”

மாணிக்கத்தாய் சட்டென்று எழுந்தார். செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு காட்டுக்குள் நடந்தார். சுயம்புலிங்கம் பின்னால் ஓடினார்.

காற்று சற்றுத் தணிந்த பிறகுதான் கண்டார்கள். ஊர்க்காரி முத்துப்பேச்சி உடை என்னும் முள்மரத்தடியில் விழுந்து கிடந்தாள். குடம் காலியாக இருந்தது. சுடுமணலில் பாதமெல்லாம் கொப்பளித்துவிட்டது. தண்ணீர் தொண்டையில் இறங்கியதும் கண்ணைத் திறந்தாள். சுயம்புலிங்கத்தைப் பார்த்து அழுதாள்.

“இருக்கியளா அண்ணாச்சி? கோட்டைக் காணலன்னதும் உங்களுக்கு என்னமோ ஆயிட்டுன்னு பதறிட்டேன். மத்தவளுவ திரும்பிட்டாளுவ. நான் பாத்துட்டு வாரேன்னு நடந்தேன். மடம் எந்தப் பக்கம்னே தெரியல.”

இருவரும் அவளைத் தாங்கி மடத்துக்குக் கூட்டி வந்தார்கள். மிதித்த தடம் பின்னாலேயே மூடிக்கொண்டு வந்தது.

மாலையில் குரு அவள் கால்களுக்குக் கற்றாழை தடவிக்கொண்டிருந்தார். சுயம்புலிங்கம் தள்ளியே நின்றார்.

“தாயே, அப்போ கோடு மெய்யா?”

“இல்ல. மத்தியானம் அது இருக்காதே.”

“பூங்கனி எங்க கிடக்கா? அதையாவது சொல்லுங்க.”

மாணிக்கத்தாயின் கை நின்றது.

“யாருக்கும் தெரியாது, அண்ணாச்சி. இனியும் தெரியப் போறதில்ல.”

சுயம்புலிங்கம் முகத்தை மூடிக்கொண்டு விம்மினார். வெளியே மறுபடி காற்று கிளம்பியது. குரு அவரை அழவிட்டார். பிறகு சொன்னார்:

“பேச்சி காலையில வீட்டுக்குப் போகணும். கால் புண்ணு, அவளால சுத்தி நடக்க முடியாது. கோட்டை நேரா இழுங்க.”