ஓநாய் என்று ஒரு பெயர்

செர்பிய மலையில் ஒரு மடம். அங்கே துறவியாக வேண்டும் என்று வந்து சேர்ந்தார் ஓர் ஆட்டிடையர். வயது ஐம்பத்திரண்டு. குரு கவ்ரிலோவைவிடப் பத்து வயது மூத்தவர். பெயர் வுக். அந்த ஊர்ப் பேச்சில் வுக் என்றால் ஓநாய். ஆடு மேய்க்கிறவருக்கு ஓநாய் என்று பெயர் இருந்தால் ஊர் சும்மா விடுமா? வாழ்நாள் பூராவும் கேலிதான்.

துறவறம் ஏற்கும் நாளில் பழைய பெயர் போய்விடும். குரு புதுப் பெயர் வைப்பார். அதற்கு முந்தின நாள் வுக் கேட்டார்.

"சாமி, நாளைக்குச் சாந்தமா ஒரு பேரு வையுங்க. இந்தப் பேரால பட்டது போதும்."

"யார் வெச்சது?"

"எங்கப்பா. எனக்கு முன்னால நாலு பிள்ளைங்க தொட்டில்லயே போயிருச்சு. பிள்ளைகளைத் தின்கிற சூனியக்காரி ஓநாய்க்கு மட்டும்தான் பயப்படுவான்னு ஊர்ல நம்பிக்கை. நான் பொறந்ததும் அப்பா வாசல்ல நின்னு, 'பெண் ஓநாய் குட்டி போட்டிருக்கு, எல்லாரும் கேட்டுக்குங்க'ன்னு கத்தினாராம்."

"அம்மா?"

"ஊரே அவங்களை ஓநாய்னு கூப்பிட்டுச்சு. சாகிற வரைக்கும் அந்தப் பேருக்குத் திரும்பிப் பார்த்தாங்க."



அன்று மதியம் மிலுங்கா என்ற பெண் பச்சைக் குழந்தையோடு வந்தாள். முந்தின மூன்றும் தங்கவில்லை.

"சாமி, இதாவது பிழைக்கணும். ஒரு பேரு சொல்லுங்க."

குரு வுக்கைக் காட்டினார். "இவர் தன் பேரை நாளைக்கு விடப்போறார். கேட்டுப் பாரம்மா."

அவள் நரைத்த தாடியைப் பார்த்தாள். "உங்க பேரு என்னங்க?"

"வுக்."

"வயசு?"

"ஐம்பத்திரண்டு."

"ஐம்பத்திரண்டா?" அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "அந்தப் பேரையே குடுங்க."

வுக் குழந்தையை வாங்கிக்கொண்டு மடத்து வாசலுக்குப் போனார். பள்ளத்தாக்கைப் பார்த்து நின்றார். மலை மலையாக ஆடுகளைக் கூப்பிட்ட குரல்.

"பெண் ஓநாய் குட்டி போட்டிருக்கு! எல்லாரும் கேட்டுக்குங்க!"

மிலுங்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றாள்.

அவள் போன பிறகு வுக் குருவிடம் வந்தார். "குடுத்துட்டேன் சாமி. எவ்வளவு பெரிய பேருன்னு குடுக்கும்போதுதான் தெரியுது. நானே வெச்சுக்கலாமான்னு தோணுது."

"ஐம்பத்திரண்டு வருஷம் உங்களைக் காவல் காத்துச்சு" என்றார் குரு. "இனி அந்த வீட்டு வாசல்ல அதுக்கு வேலை இருக்கு."